முக வடிவம் பிரிப்பதில் ஓர் உதவி வேண்டும்

வணக்கம். முகக் குறியீட்டை, அதாவது முக உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை, வைத்து முகங்களை வகைப்படுத்துகிறோம். இரண்டு இடங்களில் முட்டி நிற்கிறது. உடல் அளவியல், பல் சீரமைப்பு, ஒப்பனைத் துறைகளில் இருப்பவர்கள் கைகொடுங்கள்.

மூக்கெலும்பு நெற்றியெலும்போடு சேரும் புள்ளியிலிருந்து மோவாயின் அடிவரை உள்ள உயரத்தை, கன்ன எலும்புகளுக்கு இடையிலான அதிகபட்ச அகலத்தால் வகுத்து 100ஆல் பெருக்குகிறோம். 85க்குக் கீழே அகல முகம், 85 முதல் 89.9 வரை நடுத்தரம், 90உம் அதற்கு மேலும் நீள முகம். உயரம் 112 மி.மீ., அகலம் 130 மி.மீ. என்றால் 86.2. உயரம் 2 மி.மீ. குறைந்தாலே 84.6, வகையே மாறிவிடுகிறது! பல் கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் அளந்தால் உயரம் கூடிவிடும். காலிப்பரை (இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கருவி) கன்னத்தில் அழுத்தினால் அகலம் குறையும். இவற்றைச் சரிசெய்துவிட்டோம்.

தீராதது மூக்கின் மேல்புள்ளிதான். மூக்குப் பாலத்தின் ஆழமான பள்ளத்தையே பலரும் தொடுகிறார்கள். எலும்பு சேரும் இடமோ பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே. இருவர் அளந்தாலும் ஒரே புள்ளி கிடைக்க, விரலால் தடவிக் கண்டுபிடிக்க என்ன வழி?

அடுத்தது புகைப்படம். கையெட்டும் தூரத்து செல்ஃபியில் முகம் ஒடுங்கித் தெரிவதால் 1.5 மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் எடுக்கிறோம். ஆனால் படத்தில் முகப் புள்ளிகளைத் தானாகக் குறிக்கும் மென்பொருள்களில், டிலிப்பின் (dlib) 68 புள்ளிகள் புருவத்தோடு நின்றுவிடுகின்றன. மீடியாபைப்பின் (MediaPipe) 468 புள்ளிகளிலும் முடிக்கோடு இல்லை. நெற்றி அகலம் தெரியாமல் முட்டை வடிவத்தையும் இதய வடிவத்தையும் எப்படிப் பிரிப்பது? முன்வழுக்கை உள்ளவர்களுக்கு எந்த இடத்தை நெற்றியின் எல்லையாக வைக்கிறீர்கள்?