மேல் ஸ்தாயி போகப் போக விசிஓ ஸ்ருதி இறங்குகிறது, அவசரமாக உதவி தேவை

ரம்பஅலை:
வணக்கம். சிந்தசைசருக்காக நானே கட்டிய விசிஓ (வோல்டேஜுக்கு ஏற்ப ஸ்ருதி மாறும் ஆசிலேட்டர்) ஒரு வாரமாக அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று மாலையிலிருந்து மேலே போகப் போக ஸ்ருதி இறங்குகிறது. அடிச் சாவிகளில் சரியாக இருக்கிறது. மேலே போனால் வெள்ளைச் சாவிக்கும் கருப்புச் சாவிக்கும் நடுவில் போய் நிற்கிறது. எதையும் மாற்றவில்லை, டியூன் செய்யும் சிறு திருகான டிரிம்பாட்டைத் தொடவே இல்லை. நாளை மறுநாள் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

எதிர்மின்:
எந்த விசிஓ? ஏஎஸ்3340 போன்ற ஐசியா, டிரான்சிஸ்டர் ஜோடி வைத்ததா? சப்ளை எத்தனை வோல்ட்? கட்டுப்பாட்டு வோல்டேஜ் எதிலிருந்து வருகிறது? "நடுவில் நிற்கிறது" என்றால் எத்தனை சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்)? எந்த ஸ்தாயியில்? இவை தெரியாமல் யாராலும் உதவ முடியாது.

வெப்பமானி:
பார்த்தவுடனே தெரிகிறது, இது சூடு. வோல்டேஜை ஸ்ருதியாக மாற்றும் எக்ஸ்போனென்ஷியல் கன்வர்ட்டரில் ஒரு ஸ்தாயிக்கு டிரான்சிஸ்டரின் பேஸில் வெறும் 18 மில்லிவோல்ட்தான் வேண்டும். அந்த 18 வெப்பநிலையோடு சேர்ந்து நகரும், ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம். வெப்ப இழப்பீடு இல்லாத விசிஓ ஒரு டிகிரிக்கு ஒரு ஸ்தாயியில் 4 சென்ட் விலகும். சூடு ஏறினால் மேல் ஸ்வரங்கள் இறங்கும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான். இதை ஈடுகட்டும் டெம்ப்கோ ரெசிஸ்டர் போட்டீர்களா?

பாலிஸ்டைரீன்:
அவசரப்பட வேண்டாம். முதலில் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் டைமிங் கெப்பாசிட்டரைப் பாருங்கள். கைக்குக் கிடைத்த செராமிக்கைப் போட்டிருந்தால் அது எக்ஸ்7ஆர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்பநிலைக்கும் வோல்டேஜுக்கும் அதன் மதிப்பு மாறும், தட்டினால் சத்தம்கூட எடுக்கும். அந்த இடத்தில் பாலிஸ்டைரீன் வகைதான் வேண்டும். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை.

ஆப்ஆம்ப்72:
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. சர்க்யூட் இல்லை, அளவு இல்லை, படம் இல்லை. "எதையும் மாற்றவில்லை" என்று வந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மாற்றியிருந்தார்கள். இதுவரை ஒரு விதிவிலக்கைக்கூட நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஸ்தாயியாக அளந்து பட்டியல் போடு, அப்புறம் பேசலாம். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், அளவு வருவதற்கு முன் மருந்து எழுதாதீர்கள்.

ரம்பஅலை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டிரான்சிஸ்டர் ஜோடிதான், பொருத்தம் பார்த்து எடுத்தது. சப்ளை ±12 வோல்ட், மல்டிமீட்டரில் சரியாகவே காட்டுகிறது. டெம்ப்கோ 2கே (2000 ஓம்), டிகிரிக்கு 3300 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) போட்டிருக்கிறேன். கெப்பாசிட்டர் 1 நானோஃபாரட், பழுப்பு நிறம், வகை தெரியவில்லை. மிடியிலிருந்து (கீபோர்டின் டிஜிட்டல் செய்தி) சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்) எடுக்கும் பெட்டியும் நானே கட்டியது, உள்ளே எண்ணை வோல்டேஜாக்கும் எம்சிபி4822, அதன் பின் ஆப்-ஆம்ப் (பெருக்கி). பெட்டியின் வோல்டேஜை அளந்தேன். 1.000, 2.000, 3.000, எல்லாம் துல்லியம். ஆகவே பெட்டியில் தவறு இல்லை.

டியூனரில் பார்த்தது: 0 வோல்ட்டில் சரி. 1 வோல்ட்டில் 12 சென்ட் குறைவு, 2-ல் 23, 3-ல் 35, 4-ல் 47, 5-ல் 58.

எதிர்மின்:
இதுதான் வேண்டியது. இந்தப் பட்டியலே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது, சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரம்ப அலை (ரம்பப் பல் வடிவ அலை) தரும் விசிஓவில் மேல் ஸ்தாயிகளில் ஸ்ருதி இறங்கினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ரீசெட் நேரத்தை. கெப்பாசிட்டர் தன்னைக் காலி செய்துகொள்ளும் அந்தச் சிறு நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகச் சேரும். ரீசெட் 1 மைக்ரோநொடி என்று வைத்துக்கொள்வோம். 1000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 1000 மைக்ரோநொடி, ஆகவே பிழை 0.1 சதவீதம், 2 சென்ட்டுக்கும் குறைவு. 4000 ஹெர்ட்ஸில் சுற்று 250 மைக்ரோநொடிதான், பிழை 7 சென்ட் ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு ஸ்தாயிக்கும் பிழை இரட்டிப்பாகும். கீழே ஒன்றும் தெரியாது, மேலே திடீரென்று விழும். கெப்பாசிட்டரோடு தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர் போட்டு அதைச் சரிசெய்வார்கள், ஃபிராங்கோ முறை என்று பெயர்.

உங்கள் பிழை இரட்டிப்பாகவில்லை. ஸ்தாயிக்கு 12, 12 என்று ஒரே படியாக ஏறுகிறது. அப்படியென்றால் விசிஓவின் மையத்தில் கோளாறு இல்லை. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற அளவுகோலே 1 சதவீதம் சுருங்கியிருக்கிறது. வோல்டேஜ் வரும் வழியில் எங்கோ அந்த 1 சதவீதம் போகிறது.

வெப்பமானி:
அல்லது 3 டிகிரி சூடு ஏறியிருக்கிறது! 4 சென்ட் பெருக்கல் 3, சரியாக 12. டெம்ப்கோ போட்டால் மட்டும் போதாது, டிரான்சிஸ்டர் ஜோடியின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். இடையில் தெர்மல் பேஸ்ட் வைத்தீர்களா? விரலை டிரான்சிஸ்டர் மேல் வைத்துப் பாருங்கள், ஸ்ருதி நகர்ந்தால் நான் சொன்னதுதான்.

ரம்பஅலை:
விரல் வைத்தேன், நகர்கிறது. அப்போ சூடுதானா?

ஆப்ஆம்ப்72:
விரல் வைத்தால் எந்த விசிஓவும் நகரும். உன் விரலின் சூடு டிரான்சிஸ்டருக்கு மட்டும் போகிறது, டெம்ப்கோவுக்கு அதே நேரத்தில் போவதில்லை. அதற்குப் பெயர் சோதனை இல்லை. இழப்பீடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பலகையை மூடி வைத்து 20 நிமிடம் ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். இவை அடிப்படைப் பாடங்கள்.

பாலிஸ்டைரீன்:
வகை தெரியாத பழுப்பு நிறக் கெப்பாசிட்டர் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்? மாற்றுங்கள்.

ஆப்ஆம்ப்72:
கெப்பாசிட்டரின் மதிப்பு 1 சதவீதம் மாறினால் எல்லா ஸ்வரமும் சேர்ந்து 17 சென்ட் நகரும். 0 வோல்ட்டிலும் நகரும். அவருடைய பட்டியலில் 0 வோல்ட் சரியாக இருக்கிறது. படிக்காமலே பதில் எழுதுகிறீர்கள்.

பாலிஸ்டைரீன்:
படித்தேன். இந்தக் கோளாறுக்கு அதுதான் காரணம் என்று அடம்பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கெப்பாசிட்டர் நாளைக்கு இன்னொரு கோளாறைக் கொண்டுவரும். நல்ல பாகம் போட்டுக் கட்டினால் பாதிச் சந்தேகம் எழவே எழாது.

எதிர்மின்:
நல்ல பாகம் என்றால் சி0ஜி செராமிக் போதும். டிகிரிக்கு 30 பிபிஎம்முக்குள் நிற்கும். பாலிஸ்டைரீன் டிகிரிக்கு 100 பிபிஎம்முக்கு மேல் நகரும், சால்டர் செய்யும்போது கொஞ்சம் அசந்தால் உருகியும் விடும். என் பழைய விசிஓ ஒன்றில் அப்படிக் கெடுத்துக்கொண்டேன், இன்றும் வருத்தம்.

பாலிஸ்டைரீன்:
அந்த நகர்வு ஒரே திசையில், கணிக்கக்கூடியது. கெப்பாசிட்டரின் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு சூடு வைத்தால் உருகாது. ஒலியில் வித்தியாசம் இருக்கிறது, காது உள்ளவர்களுக்குத் தெரியும்.

எதிர்மின்:
காதைக் கொண்டுவர வேண்டாம். 1 நானோஃபாரட் சி0ஜிக்கும் பாலிஸ்டைரீனுக்கும் உள்ள வித்தியாசத்தை ரம்ப அலையில் கேட்டேன் என்று யாராவது கண்ணைக் கட்டிக்கொண்டு நிரூபிக்கட்டும்.

ஒய்கேபிள்:
தொடங்கியவருக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, பெட்டியின் வோல்டேஜை எங்கே அளந்தீர்கள்? பேட்ச் கேபிளைக் கழற்றிவிட்டா, விசிஓவில் மாட்டியிருக்கும்போதா? இரண்டு, அந்த வெளியீட்டிலிருந்து எத்தனை இடங்களுக்குப் போகிறது?

ரம்பஅலை:
கழற்றிவிட்டுத்தான் அளந்தேன், பெட்டியின் ஜாக்கிலேயே. இரண்டு இடங்களுக்குப் போகிறது. இன்று மதியம் இரண்டாவது விசிஓவைக் கட்டி முடித்தேன், முதலாவதைப் போலவே. தனியாக மாட்டி டியூன் செய்தேன், அருமையாக வந்தது. அப்புறம் ஒரே ஜாக்கிலிருந்து பிரித்து இரண்டுக்கும் கொடுத்தேன். இரண்டும் ஒன்றோடு ஒன்று நன்றாகவே சேருகின்றன, அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆப்ஆம்ப்72:
"எதையும் மாற்றவில்லை."

ஒய்கேபிள்:
அங்கேதான் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல வேண்டாம், நானும் இதே குழியில் ஒரு மாதம் கிடந்தேன்.

உங்கள் பெட்டியின் ஆப்-ஆம்ப்புக்கும் ஜாக்குக்கும் நடுவில் 1கே ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். கேபிளைச் செருகும்போது ஜாக் ஒரு கணம் கிரவுண்டோடு ஷார்ட் ஆனாலும் ஆப்-ஆம்ப் தாங்குவதற்காக அதைப் போடுவார்கள். விசிஓவின் சிவி உள்ளீடு 100கே. ஒரு விசிஓ மாட்டினால் 1கேவும் 100கேவும் சேர்ந்து வோல்டேஜைப் பிரிக்கும். 5 வோல்ட் அனுப்பினால் போய்ச் சேருவது 4.95. ஆனால் அதை மாட்டியபடிதானே டியூன் செய்தீர்கள், அந்தக் குறையை டிரிம்பாட் விழுங்கிவிட்டது. இரண்டு விசிஓ மாட்டினால் சுமை 50கே ஆகிறது. இப்போது போய்ச் சேருவது 4.90. நடுவில் காணாமல் போன 0.05 வோல்ட் கிட்டத்தட்ட 58 சென்ட். உங்கள் பட்டியலின் கடைசி வரி.

மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம், அது எதையும் இழுக்காது. கேபிளைக் கழற்றிவிட்டு அளந்தால் பெட்டி எப்போதும் துல்லியமாகத்தான் தெரியும். இரண்டு விசிஓவும் ஒரே அளவு இறங்குவதால் அவை தமக்குள் சேர்ந்தே ஒலிக்கும், வேறொரு வாத்தியத்தோடு வாசித்தால்தான் வெளியே தெரியும். இப்போதே ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். அந்த நொடியே ஸ்ருதி மேலே வந்து நின்றால் இதுதான். சூடாக இருந்தால் அப்படி உடனே திரும்பாது.

வெப்பமானி:
சரி, இந்த விளக்கம் பொருந்துகிறது. ஆனாலும் தெர்மல் பேஸ்ட் வைக்கச் சொன்னதை நான் திரும்பப் பெறமாட்டேன்.

பழையவோல்ட்:
இந்தத் தலைவலி எல்லாம் வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி முறையால் வருவது. 1978-ல் வந்த கார்க் எம்எஸ்-20 ஹெர்ட்ஸுக்கு வோல்ட் (அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் வோல்டேஜ்) முறையில்தான் ஓடியது. அந்த முறையில் 1 சதவீதம் குறைந்தால் எல்லா ஸ்வரமும் ஒரே 17 சென்ட் இறங்கும், ஸ்தாயி கோணாது. டியூன் குமிழை ஒரு சுற்று திருப்பினால் முடிந்தது. எக்ஸ்போனென்ஷியல் கன்வர்ட்டரும் விசிஓவுக்குள் வேண்டாம், சூட்டுப் பிரச்சினையும் குறையும்.

எதிர்மின்:
கீழ் ஸ்தாயிகளை மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் வோல்டேஜ் பாதியாகும். 8 வோல்ட்டில் தொடங்கி ஐந்து ஸ்தாயி இறங்கினால் 0.25 வோல்ட். அங்கே அடுத்தடுத்த இரண்டு சாவிகளுக்கு நடுவில் 15 மில்லிவோல்ட்தான். கொஞ்சம் கிரவுண்ட் இரைச்சல் வந்தாலும் ஸ்ருதி ஆடும். வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற மூக் முறையில் எந்தச் சாவிக்கும் 83 மில்லிவோல்ட், மேலே கீழே ஒன்றுதான். ஸ்தாயி மாற்றமும் வைப்ராட்டோவும் வெறுமனே கூட்டினால் போதும்.

பழையவோல்ட்:
அந்த ஆட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. இரண்டு ஆசிலேட்டர்கள், ஒன்று 440, மற்றது 441 ஹெர்ட்ஸ். ஒரு நொடிக்கு ஒரு அலை எழுந்து விழும். அதைக் கேட்பதற்காகத்தானே இரண்டாவது விசிஓ கட்டுகிறோம்?

எதிர்மின்:
நாமாக வைக்கும் விலகல் வேறு, கை மீறிப் போகும் விலகல் வேறு. இவருடைய இரண்டு விசிஓவும் சேர்ந்தே இறங்கின, அலைகூட எழவில்லை. அதில் என்ன உயிர் இருக்கிறது?

ஆப்ஆம்ப்72:
தலைப்புக்குத் திரும்புவோம். ரம்பஅலை, ஒரு டிஎல்072 எடு. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும், இரண்டையும் ஃபாலோயராக (உள்ளே வரும் வோல்டேஜையே வெளியே தரும்படி) கட்டு. இரண்டின் நேர் உள்ளீட்டையும் பெட்டியின் வெளியீட்டோடு சேர். ஒவ்வொரு வெளியீட்டிலும் தனித்தனி 1கே போட்டுத் தனித்தனி ஜாக்குக்குக் கொண்டு போ. டிஎல்072 உள்ளீடு ஜேஃபெட், பெட்டியிலிருந்து ஒன்றும் இழுக்காது. ஒவ்வொரு விசிஓவும் முன்பு டியூன் செய்தபோது பார்த்த அதே 1கேயையும் 100கேயையும் மறுபடி பார்க்கும், ஆகவே டிரிம்பாட்டைத் தொடாதே. டிஎல்072-ன் ஆஃப்செட் சில மில்லிவோல்ட் இருக்கும். அது எல்லாச் சாவியையும் ஒரே அளவு நகர்த்தும், டியூன் குமிழில் சரிசெய்துகொள். ஐசியின் சப்ளைக் கால்களில் 100 நானோஃபாரட் வைக்க மறக்காதே.

ஒய்கேபிள்:
இது போதும். இன்னும் கச்சிதமாக வேண்டுமானால் ஃபீட்பேக்கை 1கேவுக்கு அந்தப் பக்கம், ஜாக் முனையிலிருந்து எடுக்கலாம். அப்போது எத்தனை விசிஓ மாட்டினாலும் வோல்டேஜ் இறங்காது. ஆனால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸால் ஆப்-ஆம்ப் தானே ஊளையிடாமல் இருக்க, அதன் வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு ஒரு சிறு கெப்பாசிட்டரும், ஃபீட்பேக் வழியில் ஒரு ரெசிஸ்டரும் வேண்டும். அதைச் செய்தால் விசிஓக்களை மறுபடி டியூன் செய்ய வேண்டிவரும். ஒலிப்பதிவுக்கு முன் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

பாலிஸ்டைரீன்:
பிரித்து வேலை செய்யும்போது அப்படியே கெப்பாசிட்டரையும்…

எதிர்மின்:
ஒலிப்பதிவு முடியட்டும்.

ரம்பஅலை:
கேபிளை உருவியவுடன் ஸ்ருதி வந்துவிட்டது. டிஎல்072 போட்டேன். 5-வது ஸ்தாயியில் இப்போது 2 சென்ட்டுக்குள். எல்லோருக்கும் நன்றி, பதிவுக்குக் கிளம்புகிறேன்.

புதுச்சால்டர்:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் மூன்று விசிஓ. நீங்கள் கட்டிய டிஎல்072 பஃபரின் படத்தைப் போட முடியுமா? இரண்டு டிஎல்072 போட்டால் மீதி இருக்கும் நாலாவது ஆப்-ஆம்ப்பை அப்படியே விட்டுவிடலாமா?

ஒய்கேபிள்:
அவர் இனி வருவாரா தெரியவில்லை, நான் சொல்கிறேன். சும்மா விடக் கூடாது. எதிர் உள்ளீட்டை வெளியீட்டோடும், நேர் உள்ளீட்டை கிரவுண்டோடும் சேர்த்துவிடுங்கள். உங்கள் மூன்று விசிஓவின் சிவி உள்ளீட்டிலும் 100கேதானா? சப்ளை எவ்வளவு?