மூன்று மாதமாக என் தோழி என்னோடு சண்டை போடவே இல்லை. என்ன செய்வது?

கேட்டவர்: செம்பூர் கேரம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறோம், அதற்கு முன் தாராவி. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கூடப் படிக்கிறவர்களைவிட எனக்கு ஒரு வயது கூட.

2018 ஆகஸ்டில், எனக்கு 9 வயதாக இருந்தபோது, ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற ஏ.எல்.எல். வகை. பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் இரண்டரை வருஷம் வைத்தியம். முதல் சில மாதம் ஊசி, முதுகுத்தண்டில் ஊசி, காய்ச்சல் வந்தால் ராத்திரியோ பகலோ ஓட்டம். அப்புறம் தினமும் படுக்கும் முன் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் இன்னொரு மாத்திரை. 2020 லாக்டவுனில் லோக்கல் ரயில் நின்றுபோனது. அப்போதும் அப்பா பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கை வாங்கிக்கொண்டு என்னை பரேலுக்குக் கூட்டிப் போனார். தெருவில் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதற்கு முன் ஒன்றரை வருஷமாக அந்தச் சந்தில் நான் ஒருத்திதான் மாஸ்க். அன்றைக்கு முதல்தடவையாக யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2021 தொடக்கத்தில் மருந்தெல்லாம் நின்றது. இப்போது வருஷத்துக்கு ஒரு முறை செக்கப் மட்டும்.

அந்த நாட்களில் ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது என்னை வெளியே விட மாட்டார்கள். சந்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அம்மா கதவைத் திறக்கவே விட மாட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடந்த எனக்குத் தாத்தாதான் கேரம் சொல்லிக்கொடுத்தார். அவர் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவி தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பவுடர் தூசி எனக்கு ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டதால், துணியால் துடைத்துத் துடைத்தே பலகையை வழவழவென்று வைத்திருப்பார். சாகும்வரை விட்டுக்கொடுத்து ஆட மாட்டேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆடவும் மாட்டார்.

எட்டாம் வகுப்பில் செம்பூரில் புதுப் பள்ளி. அங்கேதான் இவள் கிடைத்தாள். பேர் போடவில்லை. தமிழ்ப் பிள்ளைதான், அதே ரோட்டில் வீடு. டியூஷனுக்கு குர்லாவரை லோக்கலில் போவோம். ரெண்டு ஸ்டேஷன்தான், அதற்குள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வோம். வடாபாவில் பெரிய பாதி யாருக்கு, கணக்கில் யார் மார்க் கூட, எல்லாவற்றுக்கும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கேரம். என் வியாதியைப் பற்றி நான் அவளிடம் சொன்னதில்லை. மறைக்க நினைக்கவில்லை. அவளோடு இருக்கும்போது அது ஞாபகமே வராது, அவ்வளவுதான்.

போன ஜூலையில் அது போச்சு. எனக்குக் கணுக்காலில் கொஞ்சம் பலம் குறைவு, ரொம்ப தூரம் ஓட வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை அம்மா பி.டி. ஆசிரியரிடம் கொடுத்திருந்தாள். அவர் அதை மைதானத்தில் வகுப்பு முழுவதற்கும் சத்தமாகப் படித்தார். “இந்தப் பொண்ணுக்கு கேன்சர் இருந்திருக்கு, எல்லாரும் பார்த்து நடந்துக்கணும்” என்றார். நல்லது செய்கிறோம் என்றே நினைத்திருப்பார். நான் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இவள் மாறிவிட்டாள். ஜன்னல் சீட் எனக்கு. வடாபாவில் பெரிய பாதி எனக்கு. என் பையை அவளே வாங்கிக்கொள்கிறாள். நான் என்ன சொன்னாலும் “சரிடி”. போன ஞாயிறு கேரம் ஆடினோம். ரெட் அவள் கைக்கு நேராக, ஓரப் பையிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அவள் ஸ்ட்ரைக்கரை வேண்டுமென்றே அகலமாக அடித்தாள். அடித்துவிட்டு “ஐயோ” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ரொம்ப அழுதேன்.

ஒன்று சொன்னால்தான் இது உங்களுக்குப் புரியும். வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் பீகாரிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். என் வயசு. அங்கே எங்களுக்கு எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள், நர்ஸ், அம்மா, பார்க்க வருகிறவர்கள், எல்லோரும். அவள் மட்டும்தான் கலர் பென்சிலுக்கு என் கையைக் கிள்ளுவாள். நானும் கிள்ளுவேன். ஒரு நாள் அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை இருந்தது. அதற்கப்புறம் என்னோடு சமமாகச் சண்டை போட்டவள் இவள்தான்.

இவளிடம் எப்படிக் கேட்பது? “ஏன் விட்டுக்கொடுக்கிறாய்” என்று கேட்டால் இல்லை என்பாள். கோபப்பட்டால் அதற்கும் “சரிடி” என்பாள்.

பதில்: தொண்ணூறு அடி ரோடு

தங்கச்சி, நானும் தாராவிதான், இன்னும் அங்கேயேதான். வயது 27. எனக்கு 14 வயதில் முழங்காலுக்கு மேலே எலும்புப் புற்றுநோய். அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருக்கிறார்கள். அதே டாட்டாதான்.

நான் திரும்பி வந்தபோது சந்து கிரிக்கெட்டில் என்னை அம்பயர் ஆக்கிவிட்டார்கள். நிரந்தர அம்பயர். நாற்காலி, குடை, நிம்பு பானி, எல்லாம் வரும். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் பேட்டை எடுத்துக்கொண்டு நின்று, “எனக்கு ரன்னர் வேணும், மத்தபடி எனக்கும் அவுட்டு அவுட்டுதான்” என்றேன். ஒருத்தனும் பந்து போட முன்வரவில்லை. கடைசியில் எங்கள் மாடி வீட்டுப் பையன் வந்து டென்னிஸ் பந்தை முழு வேகத்தில் போட்டான். முதல் பந்திலேயே ஸ்டம்பு போச்சு. இன்றைக்கும் அவன்தான் எனக்கு எல்லாம்.

நான் கண்டது இதுதான். “என்னை எல்லாரையும்போல நடத்து” என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துச் சொன்னால் புரியும். எனக்கு ஓடத்தான் ஆள் வேண்டும், ஆட இல்லை. உனக்கு மாடிப்படியில் பை பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அதை வாங்கிக்கொள், வெட்கப்படாதே. கேரம் பலகையில் மட்டும் ஒரு காயைக்கூட விடக் கூடாது என்று சொல்லு.

இன்னொன்று. செக்கப் என்றாயே, அது ஏ.சி.டி. கிளினிக்தானே? வைத்தியம் முடிந்தவர்களுக்காக 1991-லிருந்து நடக்கிறது. அங்கே வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசு. நான் அப்படித்தான் ‘உகம்’ குழுவுக்குப் போனேன். சின்ன வயதில் கேன்சர் வந்து பிழைத்தவர்களின் குழு, இந்தியன் கேன்சர் சொசைட்டி 2009-இல் தொடங்கியது. கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம் ஆனவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். அங்கே யாரும் உனக்கு நாற்காலி இழுத்துப் போட மாட்டார்கள்.

பதில்: முலுண்ட் அக்கா

இதைப் படித்துவிட்டு ஆபீஸில் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை எனக்கு. ஏனென்றால், அந்தத் தோழியின் இடத்தில் இருந்தவள் நான்.

மாட்டுங்காவில் படித்தபோது என் பெஞ்சில் இருந்தவளுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. அப்போது எங்களுக்கு 15 வயது. அவள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு ரெண்டு நாள் முன்னால் காம்பஸ் பெட்டிக்காக அவளோடு பெரிய சண்டை போட்டேன். “நீ செத்தா கூட உன்கிட்டப் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த வயதில் எல்லோரும் வாய்தவறிச் சொல்வதுதான். ஆனால் சொன்ன மூணாம் நாள் அவளுக்கு என்ன வியாதி என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்?

அவள் நல்லபடியாகத் திரும்பி வந்தாள். நான் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, பத்தாவது முடிகிறவரை. அவள் அதை இரக்கம் என்று நினைத்தாள். எனக்கு அது இரக்கமே இல்லை கண்ணு, பயம். என் வாயிலிருந்து இன்னொரு தடவை அப்படி ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். வீட்டிலும் “அவ மனசு நோகாமப் பாத்துக்கோ” என்று அம்மா தினம் சொல்லி அனுப்புவாள். என் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லூரி வேறு வேறு ஆனது, அப்படியே விட்டுப்போச்சு. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

அதனால் “ஏன் விட்டுக்கொடுக்கிறாய்” என்று கேட்காதே. “ஜூலைக்கு முன்னால நீ என்னை ஏதாவது சொல்லிட்டதா நினைச்சு வருத்தப்படுறியா” என்று கேட்டுப் பார். ஒன்றும் இல்லையென்றால் சரி, நஷ்டம் ஒன்றுமில்லை. அவளிடம் ஏதாவது இருந்தால் அவளே கொட்டிவிடுவாள்.

பதில்: ஓய்வுபெற்ற நர்ஸ், ஆண்டாப் ஹில்

அம்மாடி, இந்த ஊரில் குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த ஆசிரியர் செய்தது தப்பு. டாக்டர் கடிதம் உன் சொத்து. அடுத்த முறை அம்மா கடிதம் கொடுக்கும்போது, யாரிடமும் படித்துக் காட்டக் கூடாது என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடமும் நேரில் போய்ச் சொல்லட்டும்.

உன் தோழி பயந்தால் அவளுக்கு இதைச் சொல்லு. இந்த வகை திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் மருந்து நின்ற முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள் வந்துவிடும். நீ நாலு வருஷம் தாண்டிவிட்டாய். இப்போது நீ போகிற செக்கப் பெரும்பாலும் மருந்து உடம்பில் விட்டுப்போன பாதிப்பைப் பார்க்கத்தான். சிவப்பு நிறத்தில் ஒரு கீமோ மருந்து உண்டு, அது உனக்கு ஏறியிருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பார்கள், அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தள்ளிப்போடாதே.

கணுக்கால் பலவீனம் வின்கிறிஸ்டின் என்ற மருந்தால் வந்திருக்கலாம். அது நரம்பைப் பிடிக்கும், பாதத்தைத் தூக்கி வைக்க வராது, படி ஏறினால் கால் தட்டும். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். பிசியோ சொன்ன பயிற்சியை விடாதே. அந்த மருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நம் ஊர் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். உன் தாத்தா ஊர்ப்பக்கம் அதைப் பயிராகவே போடுகிறார்கள்.

கேட்டவர்: செம்பூர் கேரம்

அண்ணா, அக்கா, சிஸ்டர், மூன்று பேருக்கும் நன்றி. இன்றைக்கு ஞாயிறு, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் கேரம் பலகையை எடுக்கவில்லை. எங்கள் பில்டிங் கேட் பக்கம் டால்டா டின்னில் நித்தியகல்யாணி இருக்கிறது. வாட்ச்மேன் தாத்தா வைத்தது. ரோஸ் கலர் பூ. தினம் அதைத் தாண்டித்தான் போகிறோம். அவளைக் கூட்டிப் போய்க் காட்டி, “இதுல இருந்து எடுத்த மருந்துதான் என்னைப் பிழைக்க வச்சது, இதுதான் என் காலையும் பிடிச்சது” என்றேன். அவள் ஒரு இலையைத் தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்பதாவதில் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் நான் மெதுவாகப் படி ஏறுவேன், பாதம் படியில் தட்டும். அவள் மேலே நின்றுகொண்டு “ஏறு பாட்டி, ட்ரெயின் போயிடும்” என்று கத்துவாள். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாள். எனக்கு வயசும் ஒன்று கூட என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அவளுக்கு அது மைதானத்தில் அந்தக் கடிதம் படித்த நிமிஷமே ஞாபகம் வந்திருக்கிறது. மூன்று மாதமாகத் தினமும் அந்தப் படி கண்ணில் வருகிறதாம். அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “நீ பாட்டின்னு கூப்பிட்ட வருஷம்தான் எனக்கு வியாதியே ஞாபகம் வரலடி” என்றேன். அது நிஜம். அண்ணா சொன்னபடி பிரித்தும் சொன்னேன். பாலம் ஏறும்போது பை அவள் கையில், இறங்கியதும் என் கையில். சீட், வடாபாவ், கேரம், எல்லாம் பழையபடி.

மேலே வந்து ஆடினோம். முதல் ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் பயந்து பயந்துதான் அடித்தாள். ரெண்டாவதில் ரெட்டைப் போட்டாள், அடுத்த அடியிலேயே ஃபாலோவும் போட்டாள். ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொடவில்லை, அது செல்லாது என்றேன். தொட்டது என்றாள். தொடவில்லை என்றேன். “கண்ணாடி போடு பாட்டி” என்று கத்தினாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஸ்ட்ரைக்கரை எடுத்து அவள் முன்னால் வைத்து, “திரும்பப் போடு” என்றேன். முடியாது என்று தள்ளிவிட்டாள். உள்ளேயிருந்து தாத்தா, என்னலே சத்தம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் நியாயம் கேட்க ஆரம்பித்தோம்.