கம்பு சுற்றப் போனால் கண்ணை மூடச் சொல்கிறார்கள். இது தேவையா?

தோட்டத்துக்காரன் (பெருந்துறை):
ஏனுங்க, ஒரு சந்தேகம். பையனுக்கு 11 வயது, ரெண்டு வருஷமாகச் சிலம்பம் போகிறான். வகுப்பு ஒரு மணி நேரம். போன மாதத்திலிருந்து வாத்தியார் முதல் 15 நிமிஷம் எல்லாரையும் சம்மணம் போட வைத்து, மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். மைண்ட்ஃபுல்னெஸ்ஸாம். பொழுதோட பால் கறக்கிற நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வண்டியில் கூட்டிப்போவது கம்பு சுற்றத்தான். மனசை அடக்க ஊருக்கு ஊர் மனவளக்கலைத் தியான மன்றம் இருக்கிறது, ஆழியாறில் அவர்களுடைய பெரிய மையமே இருக்கிறது. களத்தில் எதற்கு?

கம்புக்காரி (கோபி):
அண்ணா, பத்து வருஷமாகக் கம்பு பிடிக்கிறேன். தொடுமுறைப் போட்டியில் நான் தோற்றதெல்லாம் கையில் பலம் இல்லாமல் அல்ல. எதிராளி ஒரு தடவை தொட்டுவிட்டால் அந்தப் புள்ளியையே நினைத்துக்கொண்டிருப்பேன், அதற்குள் அடுத்தது விழும். மூச்சுக்குத் திரும்பப் பழகின பிறகுதான் அது குறைந்தது. கராத்தேயில் மொகுசோ என்று கண்மூடி உட்கார்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. நம்ம ஆள் செய்தால் மட்டும் குத்தமா?

தறிச்சத்தம் (சோமனூர்):
நான் போன கராத்தே வகுப்பில் மொகுசோ ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. கால் மணி நேரமெல்லாம் இல்லைங்க. அப்புறம், இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி இன்றைய வடிவத்துக்கு வந்ததே ஆஸ்பத்திரியில். ஜான் கபாட்-ஜின் என்பவர் பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்து, 1979ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நாள்பட்ட வலிக்காரர்களுக்காக ஆரம்பித்தார். துள்ளுகிற பையனுக்கு அது எதற்கு? நான் எட்டுத் தறி பார்க்கிறேன். அத்தனை சத்தத்திலும் ஒன்றில் இழை அறுந்தால் திரும்பும் முன்பே தெரிந்துவிடும். உட்காரவைத்து யாரும் சொல்லித்தரவில்லை, தறியே சொல்லித்தந்தது. கம்பும் தரும்.

கம்புக்காரி:
எத்தனை வருஷத்தில் வந்ததுங்க அந்தக் காது?

தறிச்சத்தம்:
ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும்.

கம்புக்காரி:
பையன் அதுவரை அடி வாங்கட்டுமா? மனவளக்கலையை ஆரம்பித்த வேதாத்திரி மகரிஷியும் நெசவுக் குடும்பம்தான். தறி போதும் என்று அவர் விட்டுவிடவில்லையே.

நொய்யல்கரை (திருப்பூர்):
நானும் சொல்லித்தருகிறேன். உட்காரவைத்துப் பார்த்துக் கைவிட்டேன். பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள், ஒரு பிள்ளை கண்ணை மூடவே பயந்தாள். இப்போது கம்பு இல்லாமல் கால்வரிசையை மட்டும் மெதுவாகப் போடச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தி, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கேட்பேன். சொல்லத் தெரியாதவன் அடுத்த அடி எடுக்கக்கூடாது. இதுவும் கவனம்தானே? புதிதாக வருகிறவர்கள் எதிராளியின் கம்பு நுனியையே துரத்திப் பார்ப்பார்கள். நெஞ்சையும் தோளையும் பார்த்தால் நுனி தானாகத் தெரியும். அந்தப் பார்வையைக் கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பழகுவது?

கம்புக்காரி:
கால்வரிசை சரி. பெயர் கூப்பிடும்வரை களத்துக்கு வெளியே நிற்கிறோமே, அப்போது? நெஞ்சு அடிக்கிற அடியில் கை நனைந்து கம்பு வழுக்கும். 2024 ஜனவரியில் நம்ம மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகவே வந்துவிட்டது. இனி பிள்ளைகள் பெரிய கூட்டத்துக்கு முன்னால் நிற்கப்போகிறார்கள். உட்கார்ந்து பழகினதுதான் அங்கே கைகொடுக்கும்.

நொய்யல்கரை:
போட்டிக்குப் போகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 11 வயதுக்குக் கால் மணி நேரம் ஜாஸ்திதான்.

தோட்டத்துக்காரன்:
ராத்திரி பையனையே கேட்டேன், அந்த நேரத்தில் என்னடா பண்ணுவாய் என்று. வெளியே வந்து நிற்கிற வண்டிச் சத்தத்தை வைத்து யாரோட அப்பா என்று கண்டுபிடிப்பானாம். நம்ம எக்ஸ்எல் தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிடுமாம். இதை எந்தக் கணக்கில் சேர்க்கிறது? எப்படியோ, அஞ்சு நிமிஷமாகக் குறைக்கச் சொல்லி வாத்தியாரிடம் கேட்கப்போகிறேன்.

கம்புக்காரி:
பார்த்தீங்களா, காது திறந்துவிட்டது!

தறிச்சத்தம்:
அது வீட்டுக்குப் போகிற ஆசைங்க.