லாக் நட் பேட்டன்ட்: "யாருக்கும் தோணும்"னு எஃப்இஆர் வந்திருக்கு, என்ன பதில் போடலாம்?

லேத்துக்காரன்:
வணக்கம். நான் பண்ணின லாக் நட்டுக்கு (அதிர்வுல கழலாத நட்டு) பேட்டன்ட் கேட்டிருந்தேன், எஃப்இஆர், அதாவது பேட்டன்ட் ஆபீஸோட முதல் பரிசோதனை அறிக்கை வந்திருக்கு. சாதா நைலான் நட்டுல வளையம் மேல இருக்கும், போல்ட் அதைத் தொட்டதுலேர்ந்து கடைசி வரைக்கும் ஸ்பேனர் போட்டுத்தான் ஓட்டணும். என்னோடதுல நைலான் அடியில, ஃப்ளாஞ்ச் (நட்டோட அடியில விரிஞ்ச விளிம்பு) லேசா குடை மாதிரி கவிழ்ந்திருக்கும், கையாலயே சுத்தி இறக்கிடலாம், கடைசி அரைச் சுத்துல ஃப்ளாஞ்ச் அமுங்கி நைலானை உள்ள தள்ளும்போதுதான் மரையைக் கவ்வும். எக்ஸாமினர் என்னடான்னா ஒரு பழைய நைலான் நட்டையும் ஒரு ஃப்ளாஞ்ச் நட்டையும் காட்டி ரெண்டையும் சேர்த்தா இதுதானேன்னு முடிச்சிட்டார். மூணு வருஷ உழைப்புங்க, மனசே ஆறல.

கலப்பை:
தெரிஞ்ச ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல உக்காந்து அததன் வேலையைப் பார்த்தா பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(எஃப்)லயே அடிபடும். உங்களோடது அப்படியில்ல சார், ஃப்ளாஞ்ச் அமுங்காம நைலான் கவ்வாது, அதைத்தான் பிடிச்சுக்கணும். ஆனா அந்த "அரைச் சுத்து" விஷயம் ஸ்பெசிஃபிகேஷன்ல (விண்ணப்பத்தோட குடுத்த விளக்கக் குறிப்புல) எழுதியிருக்கீங்களா? அமெரிக்காவுல 1966ல கிரஹாம், ஜான் டியர் கேஸ், கலப்பைக் கொழு தண்டைப் பிடிக்கிற கிளாம்ப். தண்டை தகட்டுக்கு மேலேர்ந்து கீழ மாத்தினதால நல்லா வளைஞ்சு கொடுக்குதுன்னு வாதாடினாங்க, அவ்வளவு முக்கியம்னா பேட்டன்ட் ஆபீஸ்ல ஏன் சொல்லலன்னு உச்ச நீதிமன்றம் கேட்டுச்சு, பேட்டன்ட்டும் போச்சு. இப்ப புதுசா சேர்க்கவும் பிரிவு 59 விடாது.

பட்டறை மணி:
நம்ம ஊர் தீர்ப்பையும் படிங்க. மிர்சாபூர் பாத்திரக் கம்பெனி ஒன்னு, லேத்துல பாத்திரத்தைப் பிடிச்சு நிறுத்துற முறைக்கு 1951 தேதி போட்டு வாங்கின பேட்டன்ட், பிஸ்வநாத் பிரசாத் கேஸ். 1978ல உச்ச நீதிமன்றம் இது பட்டறையில பண்ற சின்ன திருத்தத்துக்கு மேல இல்லன்னு ரத்து பண்ணிடுச்சு. உங்க எக்ஸாமினரும் அந்த அளவுகோலைத்தான் எடுப்பார். அதனால டார்க் (முறுக்கு விசை) ரீடிங் வைங்க, கையால இறக்கும்போது எவ்வளவு, அமுங்கினதும் எவ்வளவுன்னு. எஃப்இஆர் தேதிலேர்ந்து ஆறு மாசம் இருக்கு, அவசரப்பட்டு க்ளைமை (எதுக்கு உரிமை கேக்குறோம்னு சொல்ற வரிகளை) வெட்டிடாதீங்க.

லேத்துக்காரன்:
ரொம்ப நன்றி. இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன், "ஃப்ளாஞ்ச் தட்டையாகும்போது வளையம் உள்நோக்கி நகரும்"னு ஒரே ஒரு வரி இருக்கு, படத்துல அம்புக்குறியும் போட்டிருக்கேன். க்ளைம்லதான் அது இல்ல. ஏஜென்ட்கிட்ட அதை முதல் க்ளைம்ல ஏத்தச் சொல்றேன், திங்கக்கிழமை டார்க் ரென்ச்சோட உக்கார்றேன்.