டாக்டர் ஆக்கல்ட் பழைய கதைகள்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
சூப்பர்மேனை உருவாக்குன ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடியே டாக்டர் ஆக்கல்ட்னு, பேய் பிசாசு கேஸ்களைத் துப்பறியற ஒரு டிடெக்டிவ் கேரக்டர் பண்ணியிருக்காங்கன்னு இப்போதான் தெரிஞ்சுது. அப்புறம் ஏன் யாருமே இவரைப் பத்தி பேசறதில்ல? இன்னிக்கு படிச்சா சுவாரசியமா இருக்குமா, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
நேரா மோர் ஃபன் காமிக்ஸ்ங்கிற பத்திரிகையோட 14வது இதழ்லேருந்து 17 வரைக்கும் படிங்க, 1936-37ல வந்தது. அதுல மனுஷன் கோட்டு தொப்பியெல்லாம் கழட்டிட்டு கேப் மாட்டிக்கிட்டு, வாளைத் தூக்கிக்கிட்டு, வேற உலகத்துக்குப் போய் கோத்னு ஒருத்தனோட சண்டை போடுறாரு, அதுவும் பறந்துக்கிட்டே! சூப்பர்மேன் அறிமுகமான ஆக்ஷன் காமிக்ஸ் 1 வந்தது 1938ல, அப்போ சூப்பர்மேனுக்கு வேண்டிய பாதி விஷயத்தை ஷஸ்டர் இங்கேயே வரைஞ்சு பாத்துட்டாரு. ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்தக் கதையோட தொடக்கம் வேற கம்பெனியோட தி காமிக்ஸ் மேகசின் முதல் இதழ்ல இருக்கு, அங்க இதே ஹீரோவுக்கு டாக்டர் மிஸ்டிக்னு பேரு. அதைப் படிக்காம 14க்குப் போனா தலையும் புரியாது வாலும் புரியாது.

பதில் 2:
எனக்கு இதுல உடன்பாடு இல்லங்க. சூப்பர்மேனுக்கு ஒத்திகைன்னு மட்டும் இவரைப் பாத்தா அவரோட அசல் ருசியே போயிடும். மோர் ஃபனோட பழைய பேரு நியூ ஃபன், அதோட 6வது இதழ், அக்டோபர் 1935, அதுலேருந்தே ஆரம்பிங்க. பாக்க சாதாரண பிரைவேட் டிடெக்டிவ் மாதிரிதான் இருப்பாரு, ஆனா கேஸ் ரத்தக்காட்டேரி, கையில ஆயுதம் ஒரு மந்திர வட்டு, அதை நீட்டினா துஷ்ட சக்தி ஒடுங்கிடும். கூட துணைக்கு ரோஸ் சைக்கிக்னு ஒரு பொண்ணு வேற. ஒவ்வொரு இதழ்லயும் கதைக்குக் கிடைச்ச இடம் ரொம்பக் கம்மி, கதை சூடு பிடிக்கிற நேரத்துல தொடரும்னு போட்டுடுவாங்க, அதனால தொடர்ச்சியா நாலஞ்சு இதழ் எடுத்து வச்சுக்கிட்டு படிச்சாதான் அந்த இருட்டும் பயமும் மனசுல ஏறும்.

பதில் 3:
ஏன் பேசறதில்லன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ரெண்டு காரணம். அந்தத் தொடர்ல சீகல், ஷஸ்டர்னு சொந்தப் பேரு இல்லாம, லெகர், ரூத்ஸ்னு புனைபேர்தான் போட்டிருந்தாங்க. ரெண்டாவது, மோர் ஃபன் 32ஓட தொடர் நின்னுடுச்சு, அது 1938 ஜூன் இதழ், சூப்பர்மேன் அறிமுகமான ஆக்ஷன் காமிக்ஸ் 1லயும் அதே மாசம்தான் போட்டிருக்கு! அப்புறம் 1940ல அதே மோர் ஃபன்ல ஸ்பெக்டர், டாக்டர் ஃபேட்னு பெரிய மாந்திரீக ஹீரோக்கள் வந்துட்டாங்க, ஸ்பெக்டரும் சீகல் எழுதினதுதான். டாக்டர் ஆக்கல்ட் திரும்பி வந்தது 1985ல, ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்ங்கிற காமிக்ஸ்ல. ரெண்டு தலைமுறை பாக்காத கேரக்டரை யாருங்க ஞாபகம் வச்சிருப்பாங்க?

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அப்போ முதல்ல ரத்தக்காட்டேரி கேஸ், அப்புறம் டாக்டர் மிஸ்டிக், அதுக்கப்புறம் 14. இந்த வரிசையிலயே படிக்கிறேன்.