சி மொழியில் காலிப் புலம் காணாமல் போகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. காற்புள்ளியிட்ட உறுப்பினர் பட்டியல் ஒன்றை சி மொழியில் வரி வரியாகப் பிரிக்கிறேன். "மணி,,45" என்பதில் பெயர், ஊர் (இங்கே காலி), வயது என மூன்று துண்டுகள் வர வேண்டும். சரத்தைத் துண்டாக்கும் சி செயற்கூறான ஸ்டர்டோக் (strtok) இரண்டுதான் தருகிறது. அடுத்தடுத்த காற்புள்ளிகளை அது ஒன்றாகவே எடுத்துக்கொள்வதால், வயது போய் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதே வேலை செய்யும் ஸ்டர்செப் (strsep) காலித் துண்டையும் தரும், சரி. ஆனால் அது சி தரத்தில் இல்லை, என் நிரல் விண்டோஸிலும் ஓட வேண்டும். நானே எழுதுவதுதான் வழியா?

அப்புறம், ஓர இடைவெளியை வெட்ட, ஓர் எழுத்து இடைவெளியா என்று சொல்லும் ஐஎஸ்ஸ்பேஸ் (isspace) செயற்கூறைப் பயன்படுத்துகிறேன். தமிழ்ப் பெயர் வந்தால் விண்டோஸில் டீபக் (பிழை தேடும்) பதிப்பு நின்றுவிடுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் பைட்டுகள் 127க்கு மேல். ஒரு பைட்டை வைக்கும் சார் (char) வகையில் அவை எதிர்ம எண்ணாகின்றன. எதிர்ம எண் வராத அன்சைன்ட் சாராக (unsigned char) மாற்றிக் கொடுத்தால் போதுமா? ஒருவர் பெயர்கூடச் சிதையக் கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.