எங்கள் ஓடையும் இரவு நோட்டும்

நான்கு வருடமாக ஞாயிறுதோறும் ஓடையில் இறங்கிக் குப்பை அள்ளும் குழுவில் நானும் ஒருத்தி. ஆரம்பத்தில் அரசாங்கத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நம் ஓடை, நாமே சுத்தம் செய்துகொள்வோம் என்றுதான் இருந்தேன்.

ஒரு விடியற்காலை, முந்தைய வாரம் அள்ளி முடித்த அதே வளைவில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. சோப்பு நுரை மாதிரி ஒன்று உடையாமல் கல்லில் ஒட்டிக் கிடந்தது. கரையோரமாக மேலே போய்ப் பார்த்தால் புதருக்குள் ஓர் ஆலையின் கழிவுக் குழாய்.

அன்றைக்குக் குழுவில் பெரிய சண்டை. இது அரசாங்கத்தின் வேலை, இனி அள்ளி என்ன பயன் என்று பாதிப் பேர் விலகினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆலைக்குள் நுழையவோ உரிமத்தை நிறுத்தவோ எங்களுக்கு ஏது அதிகாரம்?

புகார் கொடுக்கப் போனோம். "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, தண்ணீர் என்ன நிறம்?" என்று அதிகாரி கேட்டார். பதில் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் கேட்டது சரிதான். அதிகாரிகள் பகலில் வருவார்கள். குழாய் திறப்பதோ மழை பெய்த இரவுகளில்.

அப்புறம் முறை வைத்து இரவில் காவல் இருந்தோம். நேரம், நிறம், வாடை எல்லாம் ஒரு நோட்டில் ஏறின. தண்ணீர் பிடிக்கும்போது புட்டியை நீருக்குள் வைத்தே மூட வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் கரைந்த ஆக்சிஜனின் அளவு தப்பாகிவிடும். இவ்வளவு செய்தும், எங்கள் புட்டிகள் வழக்குக்குச் செல்லாது, மாதிரியை முறைப்படி தாங்களே எடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் எப்படிப்பட்ட இரவில் வர வேண்டும் என்பது எங்கள் நோட்டில்தானே இருந்தது! வந்தார்கள், எடுத்தார்கள். குழாயை அடைக்க இன்னும் ஏழு மாதம் ஆனது.

குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஓசோன் கதையை அடிக்கடி சொல்வார். ஸ்பிரே டப்பாக்களிலும் ஃப்ரிட்ஜுகளிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன் என்ற வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-இல் எழுதினார்கள். அமெரிக்காவில் தடை வரும் முன்பே நிறையப் பேர் அந்த ஸ்பிரே டப்பாக்களை வாங்குவதை விட்டுவிட்டார்கள். 1978-இல் அங்கே அந்த வாயு உள்ள ஸ்பிரேக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை வந்தது. ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் என்ன வாயு ஓட வேண்டும் என்று வாங்குபவர் முடிவு செய்ய முடியாதே. அதற்கு 1987-இல் நாடுகள் கனடாவின் மான்ட்ரியலில் கூடி, அந்த வாயுவைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குழாயோரம் உட்கார்ந்திருந்த இரவுகளில் இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன்.

குழாய் அடைபட்டு ஒரு வருடம் ஆகிறது. பாலத்திலிருந்து முடிச்சுப் போட்ட குப்பைப் பைகள் மட்டும் இன்னும் விழுகின்றன. இதற்காக எந்த அலுவலகத்துக்கும் போக எனக்கு மனமில்லை. வீசுவது எங்கள் தெருக்காரர்கள்தான், சிலர் அன்றைக்கு விலகிப் போனவர்கள். போன வாரம் ஒருவர் பையை ஓங்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார், அப்புறம் பையோடு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.